ஏகமனதாக

போதகரின் மேல்வரிசைப் பல் நான் செய்தது. கீழ்வரிசையும் நான்தான். புதன்கிழமை மத்தியானம் அவர் எங்கள் லேபுக்கு வந்து, இடது பக்கம் ஈறு உறுத்துகிறது என்று இரண்டையும் கழற்றி என் கையில் கொடுத்தார். உறுத்தும் இடத்தை நீலப் பென்சிலால் குறித்துக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தேன். இருபத்தெட்டு வருஷமாகப் பல் செட் செய்கிற கை. பல் இல்லாத வாயோடு ஒருவர் எதிரில் உட்கார்ந்திருந்தால் நான் நிமிர மாட்டேன், அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். போதகரும் அந்த நேரத்தில் பேச மாட்டார். அன்றைக்குப் பேசினார். வெள்ளிக்கிழமை சபைக் கமிட்டிக்கு அவசியம் வர வேண்டும், ஒரு கடிதத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும், ஞாயிறு ஆராதனையில் அதை வாசிக்கப் போகிறேன் என்றார்.

"என்ன கடிதம் பாஸ்டர்?"

திங்கட்கிழமை தேர்தல். சபையார் யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று சொல்லும் கடிதம். யாருக்கு என்றும் சொன்னார். நான் தேய்க்கும் இயந்திரத்தை நிறுத்தினேன்.

"அந்த மூணு கல்யாணக்காரருக்கா?"

"சிஸ்டர், நாம சபைக்கு மூப்பரைத் தேடல. ஊருக்கு ஒரு ஆளைத் தேடுறோம்," என்றார்.

அந்த ஆளைப் பற்றித் தெரியாதவர்கள் யாரும் இல்லை. முதல் மனைவி படுத்த படுக்கையாகிவிட்டபோது விட்டுவிட்டுப் போனார். இரண்டாவது அம்மாவை எப்போது விட்டார் என்பதை மூன்றாவது அம்மாவின் கல்யாணப் படத்தைப் பார்த்துத்தான் ஊர் தெரிந்துகொண்டது. இதையெல்லாம் அவர் மறைக்கவும் இல்லை. மேடையிலேயே சொல்லிச் சிரிப்பார். இரண்டு மாதமாக எங்கள் ஆராதனைக்கு வந்து முன்வரிசையில் உட்காருகிறார், கண்ணை மூடிக்கொள்கிறார். சாலையை அகலப்படுத்தும்போது எங்கள் கல்லறைத் தோட்டத்தில் பாதி போய்விடும், அவர் வந்தால் தடுப்பேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். அந்தப் பாதியில்தான் என் அப்பாவும் அம்மாவும் இருக்கிறார்கள். ஆகவே போதகரின் பயம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன்.

போதகரும் கெட்டவர் இல்லை. என் வீட்டுக்காரருக்கு இதய ஆபரேஷன் நடந்தபோது ஒன்பது நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. பல்லைக் கழுவிக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு, கடித்துப் பார்த்து, இப்போது நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குத்தான் உறுத்த ஆரம்பித்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அதே கமிட்டி என் மகளை விசாரித்தது. அவள் புருஷனை விட்டு வந்துவிட்டாள், விவாகரத்துக்கும் எழுதிக் கொடுத்துவிட்டாள். மருமகன் எங்கள் சபைக்காரன்தான், இரண்டாவது வரிசையில் உட்காருகிற பையன். அடித்தானா என்று கேட்டார்கள். இல்லை என்றாள். குடிக்கிறானா என்றார்கள். இல்லை. வேறு பெண்ணா? அதுவும் இல்லை. பிறகு என்னதான் அம்மா உன் கஷ்டம் என்று கேட்டார்கள். "என்கூட பேச மாட்டான்," என்றாள். "நாலு வருஷமா சாப்பாடு வைன்னுகூட சொன்னதில்ல. தட்டைத் தள்ளுவான்." கமிட்டியில் ஒருவர் லேசாகச் சிரித்தார். என் வீட்டுக்காரி ஒரு நாள் பேசாமல் இருந்தால் நான் தோத்திரம் பண்ணுவேன் என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். நானும் சிரித்திருக்கக்கூடும். அதை இப்போது நினைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

மனம் திரும்பிவிட்டேன் என்று எழுதிக் கொடு, சபையில் வாசித்துவிட்டு விட்டுவிடுகிறோம் என்றார்கள். அவள் மறுத்தாள். வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். அந்த அறைக் கதவின் மேல்பாதி கண்ணாடி, பெஞ்சிலிருந்து பார்த்தால் உள்ளே தெரியும். சபைப் பட்டியலிலிருந்து பெயரை எடுப்பது, திருவிருந்து கொடுப்பதில்லை, சம்மதிப்பவர்கள் கையைத் தூக்கலாம் என்றார் போதகர். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். அந்தக் கமிட்டியில் நான் ஒருத்திதான் பெண், அதுவும் பெற்றவள். என் மகள் என்பதற்காக ஒரு சட்டமா, ஊரான் மகளுக்கு ஒரு சட்டமா என்று யாரும் பேசிவிடக் கூடாது என்று நினைத்தேன். முதல் கை என்னுடையது. பிறகுதான் மற்ற ஆறும் எழுந்தன. அடுத்த ஞாயிறு போதகர் பிரசங்கத்தில் ஆபிரகாமைப் பற்றிச் சொன்னார், பிள்ளையைப் பலி கொடுக்க மலைக்குக் கூட்டிப்போன தகப்பனை. சொல்லும்போது என் பக்கம் பார்த்தார். எனக்குப் பெருமையாக இருந்தது, பொய் சொல்வானேன். ஆபிரகாமின் கையைப் பிடித்து நிறுத்த ஒரு தேவதூதன் வந்தானே, எனக்கு ஏன் யாரும் வரவில்லை என்று கேட்கத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதே அறை, அதே நீள மேசை. செயலாளர் மினிட்ஸ் புத்தகத்தை விரித்து வைத்திருந்தார். அவரை நாங்கள் ஆமென் அண்ணன் என்போம். யார் என்ன சொன்னாலும் முடிவில் ஒரு ஆமென் போடுவார், மழை வரும் போலிருக்கிறது என்றால்கூட. போதகர் கடிதத்தை வாசித்தார். நல்ல கடிதம். கல்லறைத் தோட்டம் இருந்தது, சபையின் எதிர்காலம் இருந்தது, வேட்பாளரின் விசுவாசம் இருந்தது. மனைவிமார் இல்லை.

"அண்ணே, என் பொண்ணு விஷயமா ஆறு வருஷம் முந்தி எழுதினதைக் கொஞ்சம் படிங்க," என்றேன்.

ஆமென் அண்ணன் போதகரைப் பார்த்தார். போதகர் கடிதத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அண்ணன் பழைய புத்தகத்தைப் பீரோவிலிருந்து எடுத்து, தேதியைத் தேடி, எழுந்து நின்று படித்தார். திருமண உடன்படிக்கையை முறித்தவர்களைச் சபை அங்கீகரித்தால் நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இருக்காது என்று எழுதியிருந்தது. பழக்கதோஷத்தில் கடைசியில் ஆமென் என்றும் சொல்லிவிட்டார்.

"அது விசுவாசியைப் பத்தினது," என்றார் போதகர். "இது அரசியல், சிஸ்டர். தேவன் யாரை வேணும்னாலும் பயன்படுத்துவார். அடுத்தவன் பெண்டாட்டியை எடுத்துக்கிட்ட தாவீது ராஜா பண்ணாததையா இவர் பண்ணிட்டாரு?"

"தாவீது அழுதாரு பாஸ்டர். இவரு போஸ்டர்ல சிரிக்கிறாரு."

யாரும் சிரிக்கவில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இரண்டு பெண்களை நடுத்தெருவில் விட்டவர் மண்குடம் உடைத்தவராகிவிட்டார். என் மகள் ஒரே ஒரு ஊமை வீட்டிலிருந்து வெளியே வந்தாள், அது பொன்குடம். போதகர், சம்மதிப்பவர்கள் கையைத் தூக்கலாம் என்றார். ஆறு கைகள் எழுந்தன. அன்றைக்கு என் மகளுக்கு எதிராக எழுந்த அதே ஆறு கைகள், ஒன்றில் மட்டும் இப்போது புதுக் கடிகாரம். என் கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

"எல்லாரும் ஒண்ணா இருந்தா நல்லா இருக்கும், சிஸ்டர்."

"ஒருத்தி தூக்கலன்னு எழுதிக்கோங்க."

ஆமென் அண்ணன் எழுதினார். நான் அவருக்குப் பக்கத்து நாற்காலி. ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது என்று அழகான கையெழுத்தில் எழுதி, கீழே கோடும் போட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன், கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். திறந்திருந்த பழைய புத்தகத்திலும் அதே வார்த்தை அதே கையெழுத்தில் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அது உண்மை. கடிதத்தில் கையெழுத்துப் போடாமல் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கோபத்தில் ஒன்று தீர்மானித்தேன், எதிர்த்து நிற்கிற அம்மாவுக்குத்தான் என் ஓட்டு என்று. பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையாக இருந்தவர். ஒரு ரூபாய் வாங்கியதாக எதிரிகூடச் சொன்னதில்லை, எங்கள் தெருச் சாக்கடைக்காகப் பத்து முறை அலைந்தவர். ஆனால் அவருக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. அதைக்கூட விடலாம். அவரும் புருஷனை விட்டு வந்தவர். அடித்தானா குடித்தானா என்று அவரை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். கல்யாணத்தை முறித்தவருக்கு ஓட்டுப் போடக் கூடாது என்றால் இவருக்கும் போடக் கூடாது. இவருக்குப் போடலாம் என்றால், அன்றைக்கு நான் கையைத் தூக்கியிருக்கக் கூடாது. போடாமல் வீட்டில் இருந்துவிட்டால் அந்தச் சிரிக்கிற ஆளுக்குத்தான் லாபம். எந்தப் பக்கம் நடந்தாலும் என் மகள் குறுக்கே நின்றாள். ஆறு வருஷம் ஒரு சட்டத்தை நம்பி என் பிள்ளையைக் கொடுத்திருந்தேன். வாங்கிக்கொண்டவர்களுக்கு அது தேவைப்படவே இல்லை. இப்படி ஏமாந்தேனே என்று அழுகை வந்தது.

என் வீட்டுக்காரர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். அவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் மகளைப் பார்த்துவிட்டு வருவார், நான் எங்கே என்று கேட்க மாட்டேன், அவரும் சொல்ல மாட்டார். ஆறு வருஷமாக அப்படி ஒரு ஒப்பந்தம். அன்றைக்கு நானாகக் கேட்டேன். "பஸ் நிலையத்துக்கு எதிர்ல பெரிய மருந்துக் கடை," என்றார் நூலைக் கடித்துக்கொண்டு. "சனிக்கிழமை ஒரு மணி வரைக்கும்தான். இந்தத் தடவை நீ போ, நான் வரல."

மறுநாள் கடையில் கூட்டம். ஒரே ஒரு ஜன்னல், அதன் முன்னால் வரிசை. உள்ளே வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு என் மகள் சீட்டு வாங்கிப் படிக்கிறாள், திரும்பி மருந்து எடுக்கிறாள், அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி உறையில் போட்டு, காலையில் ஒன்று இரவில் ஒன்று என்று எழுதிக் கொடுக்கிறாள். எல்லோரிடமும் பேசுகிறாள். ஒரு பெரியவரிடம், வெறும் வயிற்றுல போடாதீங்க என்று இரண்டு முறை சொன்னாள். முன்பக்கத்து முடி கொஞ்சம் நரைத்திருந்தது. முப்பத்தைந்து வயதில் நரையா என்று நினைத்தேன், பிறகு கணக்குப் பார்த்தேன், முப்பத்தெட்டு. என் முறை வந்தது. தலையைத் தூக்காமலே கையை நீட்டினாள்.

"சீட்டு?"

"நான்தான்மா."

நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு மெதுவாக உள்ளே போயிற்று. "அப்பாவுக்கு என்ன?" என்றாள். அப்பா நன்றாக இருக்கிறார் என்றேன். "அப்ப என்ன வேணும்? பின்னால ஆள் நிக்கிறாங்க."

வழியெல்லாம் கோத்து வைத்திருந்த பேச்சு மறந்துபோயிற்று. "அன்னைக்கு நான் பண்ணினது தப்பு," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. ஒரு சீட்டில் எழுத்துப் புரியாதபோது பார்ப்பாளே, அந்தப் பார்வைதான். "அது இன்னைக்கு எப்படித் தெரிஞ்சுது?"

சொன்னேன். கடிதம், ஆறு கைகள், ஏகமனதாக, எல்லாம். எப்பேர்ப்பட்ட துரோகம் பார் என்று சொல்லும்போது என் குரல் உயர்ந்துவிட்டது. அவள் பொறுமையாகக் கேட்டாள். அவளுக்கும் கோபம் வரும், இரண்டு பேருமாகச் சேர்ந்து அவர்களைத் திட்டலாம் என்று ஒரு நப்பாசை எனக்கு இருந்தது.

"அப்ப அவங்க ஒழுங்கா இருந்திருந்தா நீங்க வந்திருக்கவே மாட்டீங்க," என்றாள்.

என்னை அவள் நீ என்றுதான் கூப்பிடுவாள், பேச ஆரம்பித்த நாளிலிருந்து. இந்த நீங்க எப்போது வந்ததென்று தெரியவில்லை. அவள் சொன்னது உண்மை. அந்த ஆறு பேரும் சட்டத்தில் நின்றிருந்தால் நானும் அவர்களோடு நின்றுகொண்டிருப்பேன், சாகும்வரை.

"திங்கட்கிழமை அந்த டீச்சரம்மாவுக்குத்தான் போடப்போறேன்," என்றேன். எதையாவது கொடுத்துவிட்டுப் போக வேண்டும் போலிருந்தது.

"போடுங்க. அங்க மறைப்பு வச்சிருப்பாங்க, யாரும் பார்க்க மாட்டாங்க." கவுண்டரில் கிடந்த அட்டைத் துண்டுகளைக் கையால் கூட்டித் தள்ளினாள். "எனக்கு எதிரா எல்லாரும் பார்க்கத்தானே தூக்கினீங்க." பிறகு என் தோளுக்கு மேலாகப் பார்த்து, "அடுத்தவங்க வாங்க," என்றாள்.

பின்னாலிருந்தவர் மெதுவாக இடித்துக்கொண்டு முன்னால் வந்தார். ஒதுங்கிக் கொடுத்தேன். வாசல் வரை வந்து கடிகாரத்தைப் பார்த்தேன், பன்னிரண்டு நாற்பது. பஸ் எதிரிலேயே நின்றது, ஏறி உட்கார இடமும் இருந்தது. நான் திரும்பி வந்து வரிசையின் கடைசியில் நின்றேன்.

எனக்கு முன்னால் நின்றவர், இருமல் மருந்துக்கு வந்தவர், திரும்பிப் பார்த்தார். "நீங்க வாங்கிட்டுப் போயிட்டீங்களே?"

"இன்னும் இல்ல," என்றேன்.

ஒன்பது பேர் இருந்தார்கள். மகள் ஒரு சீட்டைப் படித்தாள், திரும்பினாள், வெட்டினாள், எழுதினாள். எட்டுப் பேர். கடை மூடுவதற்குள் முடியுமா என்று பார்க்க எட்டி வரிசையை எண்ணினாள். கண் ஒவ்வொரு தலையாக நகர்ந்து வந்து கடைசி ஆளிடம் நின்றது. "அடுத்தவங்க," என்றாள். எல்லோரும் ஓர் அடி முன்னால் நகர்ந்தார்கள், நானும் நகர்ந்தேன்.