மறுப்பே இல்லாத பாஷை

திண்டிவனம் கோர்ட்டில் நகல் எழுதும் குமாஸ்தா வேங்கடேசனுக்கு, ஊரார் சண்டையைப் படி எடுப்பதுதான் பிழைப்பு. ஒருவன் நிலம் என்னுடையது என்பான், இன்னொருவன் இல்லவே இல்லை என்பான், கடைசியில் காலி செய் என்று உத்தரவு வரும். பத்து வருஷம் இதையே எழுதி வெறுத்துப்போய், 1936இல் சொந்தமாக ஒரு பாஷையை உண்டாக்கினான். அதில் மறுக்க ஒரு சொல் கிடையாது. கட்டளையிடவும் வழி கிடையாது. எது வேண்டுமானாலும் கேள்வியாகக் கேட்கத்தான் முடியும். இனி உலகத்தில் சண்டையே வராது என்று மனதார நம்பினான், பாவம்.

முப்பத்திரண்டு வயதில் கல்யாணத்தை விட்டுவிட்டு இது என்ன கூத்து என்று அக்கா வீரம்மாள் தலையில் அடித்துக்கொண்டு, விழுப்புரத்துக்குப் பெண் பார்க்க அழைத்துப்போனாள். பெண்ணின் அப்பா சுப்பராயலு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிடுகிறவர். "குடி கிடி உண்டா தம்பி?" என்று கேட்டார். பாஷை பழகுவதற்காக ஒரு மாதமாக 'இல்லை'யை நாக்கில் சேர்க்காத வேங்கடேசன், "மோர் குடிப்பேங்க" என்றான். கதவுக்குப் பின்னால் பெண் தையல்நாயகி சிரித்துவிட்டாள். சுப்பராயலு சிரிக்கவில்லை. "கலந்து பேசிக்கினு லெட்டர் போடறோம்" என்றார்.

பெண் பார்க்கப் போன இடத்தில் இப்படிச் சொன்னால், ஆளை விடு என்று அர்த்தம். பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். ரயிலில் வீரம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். வேங்கடேசனோ லெட்டர் வரும் என்று தபால்காரரிடம் சொல்லி வைத்தான். அந்தச் சிரிப்பு அவன் காதை விட்டுப் போகவில்லை. கட்டினால் அவளைத்தான் கட்டுவது என்று முடிவே செய்துவிட்டான்.

அடுத்த ஞாயிறு விழுப்புரத்தில் இறங்கி, "லெட்டர் எழுதிட்டீங்களா?" என்று போய் நின்றான். வீடு தேடி வந்தவனிடம் முடியாது என்று வெட்டிச் சொல்ல சுப்பராயலுவுக்கு வாய் வரவில்லை. "கார்டு தீந்துபோச்சி தம்பி" என்று மோர் கொடுத்து அனுப்பினார். மறுவாரம் தன் விலாசத்தை எழுதியே கார்டு கொண்டுவந்தான். மை காய்ந்துவிட்டது என்றார். அடுத்த வாரம் மை வந்தது. "கண்ணாடி ரிப்பேரு தம்பி, எழுத்து தெரியல."

"நீங்க சொல்லச் சொல்ல நானே எழுதட்டுங்களா?"

சுப்பராயலு வேர்த்துப்போய்த் தோட்டத்துப் பக்கம் நழுவினார். மோர் கொண்டுவந்த தையல்நாயகியிடம் வேங்கடேசன் மெல்லக் கேட்டான். "உங்களுக்கு இஷ்டங்களா?"

அவள் மோரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நாலாவது ஞாயிறு வாசலில் இரண்டு வண்டி நின்றது. கூடத்தில் பெருமுக்கல் மாப்பிள்ளை வீட்டார் தாம்பூலத் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். லெட்டர் என்றால் என்ன என்று வேங்கடேசனுக்கு அப்போதுதான் புரிந்தது. கூடாது என்று கத்த வேண்டும்போல இருந்தது, நாக்கு எழவில்லை.

"பொண்ணுக்குப் பூரண சம்மதங்க" என்றார் சுப்பராயலு.

தையல்நாயகி கூடத்துக்கு வந்தாள். "எனக்குச் சம்மதம் இல்லப்பா. நான் மாட்டேன்."

அந்தச் சொல் இவ்வளவு இனிக்கும் என்று வேங்கடேசன் கனவிலும் நினைத்ததில்லை.

"இன்னா புள்ள பேசற?"

"இஷ்டமான்னு நீங்க யார்னா என்னைக் கேட்டீங்களா? அதோ நிக்கிறாரே, அவரு ஒருத்தருதான் கேட்டாரு."

பெருமுக்கல்காரர்கள் தட்டோடு எழுந்தார்கள். "ஊருக்குப் போயி லெட்டர் போடறோம்" என்றார்கள்.

தையல்நாயகி வாசல் பக்கம் திரும்பினாள். "அங்கியே நிக்காதீங்க. உள்ள வந்து உக்காருங்க."

வேங்கடேசன் மறுபேச்சுப் பேசாமல் வந்து உட்கார்ந்தான்.