நடு ஆற்றுக்குப் போன படகு

படகு கரையை விட்டு விலகுகிறது, அதில் நிற்கும் புருஷன் அய்யாத்துரை கையை வீசி வீசிப் போ போ என்கிறான், படித்துறையின் கடைசிப் படியில் கால் நனைய நிற்கும் தங்கபுஷ்பத்துக்கு முகமெல்லாம் எரிகிறது, கட்டினவளைக் கண்டதும் நடு ஆற்றுக்கு ஓடுகிறவனை என்ன சொல்ல, கப்பல்துறையில் கிரேன் ஓட்டுகிற மாப்பிள்ளை என்று நம்பித்தானே தூத்துக்குடியிலிருந்து கல்கத்தாவுக்கு அனுப்பிவைத்தார்கள், பாஷை தெரியாத ஊரில் அவளுக்கு இருந்த ஒரே துணை ஹூக்ளி ஆற்றைப் பார்த்த அந்த ஜன்னல், காலையில் எண்ணெய் தேய்த்து முங்குகிறவர்கள், வைக்கோல் பாரத்தோடு தள்ளாடும் படகுகள், கடல்நீர் ஏற்றத்துக்குக் காத்துக்கிடக்கும் கப்பல்கள், மூச்சுவிட ஒரு கணம் முதுகு காட்டி மறையும் ஆற்று ஓங்கில் மீன்கள், பூஜை முடிந்து கரைத்த அம்மன் சிலையின் வைக்கோல் கூட்டின் மேல் சவாரி போகும் கொக்கு, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவளின் கண்ணில்தான் ஒருநாள் அதுவும் பட்டது, வேலை முடிந்த அய்யாத்துரை வீட்டுக்கு வராமல் அக்கரைக்குப் படகு ஏறுகிறான். ஏன் தாமதம் என்றால் ஓவர்டைம் என்றான். மறுநாளும் ஏறினான், மறுநாளும் ஓவர்டைம். சட்டையை முகர்ந்து பார்த்தாள், காலரில் நீள முடி தேடினாள், எதுவும் கிடைக்காதது சந்தேகத்தை இன்னும் வளர்த்தது, இவ்வளவு சுத்தமாகத் துடைத்துவிட்டு வருகிறவன் லேசுப்பட்டவனா, கையும் களவுமாய்ப் பிடிக்கத்தான் அன்றைக்குப் படித்துறைக்கு இறங்கினாள்.

போ போ என்ற கையைப் பார்த்ததும் விறுவிறுவென்று படியேறினாள், முதுகுக்குப் பின்னால் பெரிய இரைச்சல், வங்காளத்தில் கூச்சல், ஊரே சேர்ந்து தன்னைப் பார்த்துச் சிரிக்கிறது என்று நினைத்துத் திரும்பாமலே போனாள். தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று அந்த வாரமே ஊருக்கு ரயிலேறினாள். அவனும் பின்னாலேயே வந்து தூத்துக்குடித் துறைமுகத்தில் சேர்ந்துகொண்டான், பிள்ளை பிறந்தது, தலை நரைத்தது, அவள் கேட்கவில்லை, அவன் சொல்லவில்லை, அவன் வாங்கிவரும் பூவைக்கூட யாருக்கு வாங்கியதில் மிச்சமோ என்று பார்த்துவிட்டுத்தான் தலையில் வைத்தாள்.

இப்போது மகளுக்குக் கல்கத்தாவில் வேலை, பார்க்க வந்த இருவரும் அதே படித்துறையின் மேல்படியில் உட்கார்ந்திருக்கிறார்கள், திடீரென்று படகுக்காரர்கள் பான், பான் என்று கத்துகிறார்கள், கட்டியிருந்த படகையெல்லாம் அவிழ்த்து நடு ஆற்றுக்குத் தள்ளுகிறார்கள், அங்கிருந்து ஒருவன் கீழ்ப்படியில் குடத்தோடு நிற்கும் பெண்ணைப் பார்த்துக் கையை வீசுகிறான், போ போ, அவள் மேலே ஓடிவரவும் கடலிலிருந்து எதிரேறி வந்த அலை கடைசிப் படியில் விழுந்து வெடிக்கிறது. பான் என்றால் ஆற்றில் எதிரேறி வரும் கடலலை, அமாவாசை பௌர்ணமிக்கு இப்படி வரும், கரையில் கட்டிக்கிடந்தால் படகு சுக்குநூறாகும், நடு ஆற்றில் சும்மா தூக்கிப் போடுவதோடு சரி என்று அய்யாத்துரை சொல்கிறார், அன்றைக்கு அவள் இதைப் பார்த்திருப்பாள் என்றே இத்தனை காலமும் நினைத்திருக்கிறார்.

தன் உயிரைக் காத்த கையையா இவ்வளவு நாளும் வைதோம் என்றிருந்தது தங்கபுஷ்பத்துக்கு, ஆனாலும் பாழும் மனசு ஆறவில்லை, சரிங்க, தினமும் அக்கரைக்கு எதுக்குப் போனிய, என்று கேட்டேவிட்டாள்.

அவர் அக்கரையைக் கைகாட்டினார். அங்கன நின்னாத்தான் நம்ம வீட்டு ஜன்னல் தெரியும், நாளெல்லாம் அதுல உக்காந்து நீ எவனப் பாக்கேன்னு பாக்கத்தான் போனேன், கப்பல்ல இருந்து எவனாவது கையக் காட்டுவான், நீயும் காட்டுவ.

கப்பலைத்தான் பார்த்தேன் என்று சொல்ல வாயெடுத்தாள், நம்ப மாட்டார் என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. படகுகள் ஒவ்வொன்றாய்க் கரைக்குத் திரும்புகின்றன, நீரேற்றத்தோடு ஒரு கப்பல் மெல்லக் கடந்து போகிறது, மேல்தட்டில் நிற்கும் யாரோ ஒருவன் கையசைக்கிறான், தங்கபுஷ்பம் மடியிலிருந்த கையை எடுக்கவில்லை, அய்யாத்துரை கப்பலைப் பார்க்காமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.