மலோம்பே ஏரியில் தடைக்காலம்

மலோம்பே ஏரியில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய மூன்றாவது வாரம், முவானாயிஷாவின் தம்பி கசெம்பே பிடிபட்டான். கொசுவலைத் துணியில் தைத்த வலை; பொடிமீன்கூடத் தப்பாது.

கரைக்குழுவுக்கு முவானாயிஷாதான் தலைவி. இனி மீன்வளத் துறையும் ஊரும் சேர்ந்தே ஏரியைக் காப்பது என்று ஒப்பந்தமான அன்று, ஊரே கைதூக்கி அவளைத் தேர்ந்தெடுத்தது. எந்தெந்த மாதம் வலை போடக்கூடாது, மீறினால் வலையை எரிப்பது என்று விதி எழுதியதும் குழுதான். அந்த விதிப்படி அதற்குள் ஏழு வலைகளை எரித்தாயிற்று.

"வெறும் களி புள்ளைங்களுக்கு எத்தன நாளைக்கு எறங்கும், அக்கா? ஒரு கை மீனுக்குத்தான் போனேன்" என்றான் கசெம்பே.

கரையில் கூடிய கூட்டத்தில் ஒருத்தி குரல் கொடுத்தாள்: "எங்க வீட்டு வலைன்னா மண்ணெண்ணெயோட ஓடி வந்தே. இப்ப காலு நகரலையோ?"

மீன்வள அதிகாரி நியசுலு ஒதுங்கி நின்றார். "முடிவு குழுவோடது, தலைவியம்மா."

முவானாயிஷா தானே தீ வைத்தாள். முதல் இரண்டு குச்சிகள் அணைந்தன. வலை கருகிச் சுருளும்வரை நின்று பார்த்த கசெம்பே, வீட்டுப் பக்கம் நடந்தான்.

பத்து நாள் கழித்து, நகரத்து முதலாளி ஒருவரின் இயந்திரப் படகு பட்டப்பகலில் நடு ஏரியில் வலை இழுத்தது. அவள் நியசுலுவின் அலுவலகத்துக்கு ஓடினாள்.

"தலைநகர்லயே அனுமதி வாங்கிட்டு வந்திருக்காங்க. மேலிடத்து உத்தரவு, நான் என்ன பண்ண?"

"சேர்ந்து காக்குறோம்னுதானே கையெழுத்துப் போட்டீங்க? எங்க வலைக்கு ஒரு சட்டம், அவன் வலைக்கு ஒரு சட்டமா?"

நியசுலு அனுமதிக் கடிதத்தின் நகலை எடுத்து அவள் முன் வைத்தார். கெட்ட மனிதர் இல்லை.

அங்கிருந்து நேரே தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் மனைவி அவேத்து வாசலில் சோளம் இடித்துக்கொண்டிருந்தாள்.

"அவன் எங்க?"

"முந்தாநாளே பஸ் ஏறிட்டாரு, அண்ணி. ஜோகன்னஸ்பர்க்ல கட்டட வேலையாம்."

"எங்கிட்ட சொல்லலியே?"

"சொல்லிட்டுப் போங்கன்னுதான் சொன்னேன். 'அக்கா மேல தப்பில்ல, ஆனா அவ மூஞ்சியப் பாக்க முடியல'ன்னாரு."

உலக்கை மறுபடி விழத் தொடங்கியது. படகைப் பற்றிச் சொல்ல வந்தவள் சொல்லாமலே திரும்பினாள்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு அவளைத் தவிர மூன்று பேர்தான் வந்தார்கள். இயந்திரப் படகின் அனுமதியை ரத்துசெய்யக் கேட்டுத் தலைநகருக்கு மனு எழுதி, நான்கு பேருமாகக் கையெழுத்திட்டார்கள்.

தடைக்காலம் முடிந்து ஊர்ப் படகுகள் ஏரியில் இறங்கின. மனுவுக்குப் பதில் இல்லை. கசெம்பேயிடமிருந்தும் ஒரு சேதியும் இல்லை.