ஆறாவது வேட்டு

இடுப்பு விட்டுப்போயிருந்தது. காலையிலிருந்து கடப்பாரை பிடித்ததில் குனிந்தால் நிமிர முடியவில்லை. வேட்டு போட்டதும் முதலில் மலையேறி, ஆடுகிற கல்லைத் தட்டிவிட வேண்டியது அன்றைக்கு என் முறை.

தொண்ணூற்று மூன்றில் எங்கள் திரிசூலம் குவாரிக் கல்லெல்லாம் துறைமுகத்துக்குத்தான். இன்ஜினியர் ஸ்ரீநிவாசராகவன் நேரிலேயே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். "கடல் மட்டம் ஏறிண்டே இருக்கு. அலைத்தடுப்புச் சுவரை மூணடி உசத்தறோம். ரெண்டு டன்னுக்குக் கொறைஞ்ச கல் அலையில நிக்காது. ஐப்பசி மழைக்கு முன்னாடி முடியணும்."

ஜீப் நகர்ந்ததும் கூட வேலை செய்யும் சம்பத் சிரித்தான். "கடலு வளருதாம் மச்சான், நம்ம மலை தேயுது. கடைசில கல்லு தேடிக்கினு அதுவே பல்லாவரம் வந்துரும்."

பெரிய கல் வேண்டுமே என்று குழியை ஆழமாகப் போட்டு வெடிமருந்தைக் கூட்டியிருந்தோம். ஆறு குழி, ஆறு திரி. ஆறு சத்தம் கேட்க வேண்டும். ஒன்று குறைந்தால் அரைமணி நேரம் ஒருவரும் ஏறக் கூடாது. எண்ணுவதும் ஏறுகிறவன் வேலைதான்.

பாறைக்குப் பின்னால் குந்தி எண்ணினேன். ஐந்து அடுத்தடுத்து வந்தன. கொஞ்சம் தாமதித்து ஆறு.

"ஆறும் ஆயிடுச்சு!" என்று கத்திவிட்டு எழுந்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

"நீ குந்து, கெழவன் மாரி கீற. நான் ஏறுறேன். நாளைக்கு எனக்குப் பதிலா நீ ஏறு." சம்பத் கடப்பாரையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனான்.

இருபது அடி எடுத்து வைத்திருப்பான். மலை வெடித்தது.

அலறல்கூடக் கேட்கவில்லை. பொடிக்கல் கொட்டி ஓய்ந்தது. வளைந்துபோன கடப்பாரை என் காலடியில் வந்து விழுந்தது. ஆறும் போய்விட்டதே, ஏழாவது எங்கிருந்து வந்தது என்று நான் விரலை மடக்கி மறுபடி எண்ணிக்கொண்டு நின்றேன்.

பக்கத்துக் குவாரியில், வேட்டு முடிந்ததென்று விசில் ஊதினார்கள். எப்போதும் நாலு மணிக்கு வேட்டு போடுகிறவர்கள், துறைமுக ஆர்டர் அவர்களுக்கும் வந்ததால் அன்று மத்தியானமே ஒன்று போட்டிருக்கிறார்கள். அவர்கள் வேட்டை எங்கள் கணக்கில் சேர்த்துவிட்டேன்.

கீழே ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த சம்பத்தின் மனைவி அங்காளம்மாள் சுத்தியலோடு ஓடி வந்தாள். அழவில்லை.

"எனுக்கு அஞ்சுதாண்ணா கேட்டுச்சு. நீ ஆறுன்னியே. எண்ணுறவன் நீயாச்சேன்னு வாய மூடிக்கினேன்."

மூன்றாம் நாள், அந்தக் கடைசி வேட்டில் பெயர்ந்த கல்லை லாரியில் ஏற்றினோம். எடை சரியாக இருந்தது. மழைக்கு முன்பே சுவர் மூன்றடி உயர்ந்துவிட்டது.

சம்பத் ஏறியது என் முறையில். பதிலுக்கு ஒரு முறை நான் ஏற வேண்டும். அதை இன்னும் அவனுக்குத் தரவில்லை.