உள்ளங்கைச் சோதனை

கடற்தாரகை உதைபந்தாட்டக் கழகத்தின் பயிற்றுநர் எமில்ராஜிடம் ஒரு சட்டம் இருந்தது. ஆட்டத்துக்கு முதல்நாள் யாரும் மீன்பிடிக்கக் கடலுக்குப் போகக் கூடாது. குருநகர்ப் பொடியன்களின் வாய்ப்பேச்சை அவர் நம்புவதில்லை. ஆட்டம் தொடங்குமுன் வரிசையாய் நிறுத்தி உள்ளங்கைகளைப் பார்ப்பார். கயிறு அறுத்த புதுத்தடம் இருந்தால், எவ்வளவு பெரிய ஆட்டக்காரனென்றாலும் அன்றைக்கு கோட்டுக்கு வெளியே வாங்குப் பலகையில் இருக்க வேண்டியதுதான்.

சட்டமெல்லாம் நல்ல சட்டம்தான். ஆறு ஆட்டத்தில் நாலில் தோற்றாயிற்று. "கோல் அடிக்கிறவங்களைக் குந்தவைச்சுப்போட்டுக் கைரேகை பாக்கிறார்" என்று சந்தியில் பகிடி வேறு.

இன்று வட்டுக்கோட்டையில் கடைசி ஆட்டம். வென்றால் முதற்பிரிவில் தப்பலாம். சமநிலையென்றாலும் கழகம் இரண்டாம் பிரிவுக்கு, எமில்ராஜ் வீட்டுக்கு. மைதானத்தைப் பார்க்கவென்று, தன் படகைக் குருநகரில் நங்கூரமிட்டுவிட்டு முதல்நாளே வந்து மைத்துனர் வீட்டில் தங்கியவருக்கு ஒரு கண் நித்திரை இல்லை.

பஸ்ஸில் வந்திறங்கிய பொடியன்கள் கையை நீட்டினார்கள். டினேஸின் முறை வந்தது. கழகம் அடித்த ஒன்பது கோலில் ஏழு அவனுடையது. இரண்டு உள்ளங்கையும் தோலுரிந்து சிவந்திருந்தன.

"கடலுக்குப் போனனியோ?"

"இல்லை அண்ணை."

"அப்ப உதென்ன, மருதோண்டியோ?"

டினேஸ் கைகளை மடக்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.

"போய் இரு."

அவன் வாங்கை நோக்கிப் போவதை எமில்ராஜ் பார்த்துக்கொண்டு நின்றார். ஆனால் இவனுக்கு விட்டுக்கொடுத்தால் மற்றவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது?

பந்து எதிரணியின் கோலுக்கு முன்னால் எத்தனையோ தரம் போய், உதைக்க ஆளில்லாமல் திரும்பி வந்தது. ஒருவர் பின் ஒருவராக மாற்று வீரர்களை இறக்கினார். மூன்றாவது ஆளும் இறங்கிய கையோடு தொலைபேசி அடித்தது. மனைவி கத்தரீனா.

"எங்கடை படகுக்கு ஒண்டும் இல்லையப்பா. யோசியாதேங்கோ."

"படகுக்கு என்ன?"

"பொடியள் சொல்லேல்லையே? விடியக் காத்தெழும்பி நங்கூரக் கயிறு அறுந்திட்டுது. டினேஸும் தேப்பனும்தான் கழுத்தளவு தண்ணிக்குள்ளை நிண்டு இழுத்துக் கரையேத்தினவை. பாவம், பொடியன்ரை கையெல்லாம் கிழிஞ்சுபோச்சு."

எமில்ராஜ் வாங்கை நோக்கி ஓடினார்.

"டினேஸ், எழும்பு! இறங்கு!"

அவன் துள்ளியெழுந்து சப்பாத்துக் கயிற்றை இறுக்கினான். கோட்டருகே நின்ற அதிகாரி தலையை ஆட்டி மூன்று விரலைக் காட்டினார். மூன்று மாற்றமும் முடிந்துவிட்டது. இனி யாரும் இறங்க முடியாது.

மிச்சப் பத்து நிமிஷத்தையும் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். கோல் விழவில்லை. சமநிலையில் விசில் ஊதியதும், அதுவே போதுமாயிருந்த எதிரணிப் பொடியன்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள்.

எமில்ராஜ் டினேஸின் பக்கம் திரும்பினார்.

"ஏன்ரா எனக்குச் சொல்லேல்லை?"

"உங்கடை படகை இழுத்தனான் எண்டு சொல்லி இடம் கேக்கிறதோ, அண்ணை?"

அவர் அவனுடைய கைகளைப் பிடித்தார். டினேஸ் மெதுவாக இழுத்துக்கொண்டான்.

"விடுங்கோ அண்ணை. நோகுது."