ஆடு மடாதிபதியான படம்

கெர்லான் சந்தையில் எங்கள் படக்கொட்டகைக்குக் கடைசி ஆணியை அடித்துக்கொண்டிருந்தேன். பங்குக் குரு கொரந்தேன் சாமி வந்து நின்று, மாட்டைப் பல் பிடித்துப் பார்க்கிறவர் மாதிரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதானே படம் காட்டுற அன்செல்ம்?"

"ஆமாங்க சாமி."

"உன் படத்துல ஒரு சாத்தான் மடாதிபதிய ஆடா மாத்துறானாமே? பக்கத்து ஊர்ல பாத்துட்டு வந்தவனுங்க பூசையில கூட 'மே'ங்கிறானுங்க."

"அது பழைய கோட்டைக் கதைங்க. நடந்து அறுநூறு வருசம் இருக்கும்."

"எத்தனை வருசமானாலும் மடாதிபதி மடாதிபதிதான். ஒரு மணி நேரத்துல வந்து பாக்குறேன். ஆடா மாறினாருன்னா, கொட்டகையப் பிரிச்சு வண்டில ஏத்திக்க."

மேயரிடம் போய் முறையிடலாமே என்பீர்கள். கெர்லான் மேயர் சாமியின் தங்கை வீட்டுக்காரர். சாமி குடை விரித்தால் மேயர் மழை என்பார். அந்த வருஷத்துக்கு இதுதான் கடைசிச் சந்தை. இங்கே படம் ஓடினால்தான் குளிர்காலத்தில் எங்கள் அடுப்பு எரியும். இருந்த மற்ற படங்களெல்லாம் கீறல் விழுந்து, எதைக் காட்டினாலும் மழை பெய்கிற மாதிரி இருக்கும்.

உள்ளே என் மனைவி ஸெலி படப்பெட்டிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். கதை சொல்கிற வாய் என்னுடையது. கைப்பிடி சுற்றுகிற கை அவளுடையது.

"ஆட்டை வெட்டிரலாமா?" என்றேன்.

"எங்க வெட்ட? ஒருக்கா வந்துச்சுன்னா கடைசி வரைக்கும் மேசையிலதான இருக்கு! அதை வெட்டினா அரை நிமிசம் விருந்துதான் மிஞ்சும். இரு, ஒருதரம் ஓட்டிப் பாக்குறேன்."

ஓட்டினாள். கோட்டையில் பிரபுவின் விருந்து. வேலைக்காரர்கள் முழு வாத்தை வறுத்துக் கொண்டுவருகிறார்கள். பின்னாலேயே ஒரு நாய். எல்லோரும் தின்கிறார்கள். அடுப்பிலுள்ள கொப்பரையிலிருந்து புகை, புகையிலிருந்து சாத்தான். பாரிஸ் பட்டறைப் பெண்கள் தூரிகையால் சுருளின் ஒவ்வொரு கட்டத்திலும் சிவப்புத் தீட்டிய சாத்தான்! கையை ஆட்டுகிறான், மடாதிபதி ஆடாகிறார். ஆடு மேசை விரிப்பைத் தின்கிறது. ஆள் இல்லாத கவசங்கள் நடக்கின்றன. விருந்தாளிகள் மேசைக்கடியில் பதுங்க, சாத்தான் பிரபுவின் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்காருகிறான்.

இதை எடுத்த விதத்தைப் படம் விற்றவன் எனக்குச் சொல்லியிருக்கிறான். எல்லோரும் தூக்கிய கை தூக்கியபடி சிலையாக நிற்க வேண்டும். கேமராவை நிறுத்திவிட்டு, மடாதிபதியை எழுப்பி அனுப்பி, அதே நாற்காலியில் ஆட்டை ஏற்றி, மறுபடி சுற்றுவார்கள். அவ்வளவுதான் மாயம்.

படம் முடிந்து சுருள் முழுவதும் கீழே கூடையில் விழுந்து கிடந்தது. ஸெலி அலுத்துக்கொண்டே, விளக்கை அணைக்காமல், கைப்பிடியைப் பின்பக்கமாகச் சுற்றிச் சுருளை மேலே ஏற்றினாள். திரையில் ஆடு விரிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக வாயிலிருந்து எடுத்து மேசைக்குத் திருப்பிக் கொடுத்தது. அப்புறம், டக்கென்று, மடாதிபதியானது.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"எல்லாரும் பின்பக்கமாவே நடக்குறாங்களே, அதுக்கு என்னய்யா சொல்லுவ?" என்றாள்.

"நான் ஜவுளிக்காரன் மவன்டி. சாயம் போன துணிய நிலா நிறம்னு வித்த குடும்பம்."

சாமி வந்து முன்பெஞ்சில் தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்தார். முன்பே ஓட்டிக் கூடையில் இறக்கி வைத்திருந்த சுருளை ஸெலி பின்பக்கமாகச் சுற்றினாள். நான் குரலை எடுத்தேன்.

"பாருங்க சாமி! பாவம் செஞ்ச கோட்டை! பிரபுவோட நாற்காலியில சாத்தான்! மடாதிபதிய முன்னாடியே ஆடாக்கி வச்சிருக்கான் படுபாவி. ஆனா அவரு ஆடானாலும் மனசுக்குள்ள செபம் விடல. அதோ, தின்ன விரிப்பைக் கூடத் திருப்பிக் குடுக்குறாரு, அடுத்தவன் பொருளாச்சே! செபம் பலிச்சுது, மனுசனாயிட்டாரு! சாத்தான் நடுங்குறான், கொப்பரைக்குள்ள ஓடுறான், புகை கூட அவன் பின்னாலயே போயிருச்சு!"

சாமி பெஞ்சில் முன்னுக்குச் சாய்ந்தார்.

"ஏன் எல்லாரும் பின்பக்கமா நடக்குறாங்க?" என்றார்.

"அந்தக் காலத்து மரியாதைங்க. பிரபுவுக்கு யாரும் முதுகு காட்ட மாட்டாங்க."

திரையில் விருந்தாளிகள் வாயிலிருந்து வாத்துக்கறியை எடுத்துத் தட்டில் வைக்க ஆரம்பித்தார்கள். இதை நான் மறந்தே போயிருந்தேன். ஸெலியின் கை ஒரு நொடி தடுமாறியது. என் வாய் தடுமாறவில்லை.

"வெள்ளிக்கிழமை சாமி! கறி தொடக் கூடாத சுத்தபோசன நாள்! மடாதிபதி ஞாபகப்படுத்தினதும் பாருங்க, போட்ட கறிய வாயிலேருந்தே எடுத்து வைக்கிறாங்க! வாத்து முழுசாச்சு. அதோ, சமையக்கட்டுக்கே திரும்பிப் போகுது!"

வாத்து போனது. வேலைக்காரர்கள் போனார்கள். திரை வெள்ளையானது.

சாமி தொப்பியால் வெள்ளைத் திரையைச் சுட்டினார். "மனுசங்க பின்பக்கமா நடந்தாங்க, பிரபுவுக்கு மரியாதை. சரி. அந்த நாய்?"

"நல்ல வளர்ப்புங்க சாமி."

படப்பெட்டிக்குப் பின்னால் ஸெலிக்கு இருமல் வந்துவிட்டது.

"எங்கப்பா மாட்டு யாவாரிப்பா," என்றார் சாமி. "கிழட்டுப் பசுவைக் கன்னுக்குட்டியோட அக்கான்னு வித்தவரு. உன் குரலைக் கேக்கக் கேக்க அவரு ஞாபகமாவே இருந்துச்சு. போயி வாசல் துணிய இழுத்து விடு."

அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்துக்கொண்டே இழுத்துவிட்டேன்.

"இப்ப நேரா சுத்தும்மா. வெளிய ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம்."

ஸெலி நேராகச் சுற்றினாள். மடாதிபதி ஆடானதும் சாமி தொப்பியால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆடு விரிப்பைத் தின்னும்போது அவருடைய பெஞ்சு குலுங்கியது. "அந்தத் தாடி... அப்படியே எங்க பிஷப் ஆண்டவரு..." என்றவர், பாதியில் நிறுத்திச் சிலுவை போட்டுக்கொண்டார்.

எழுந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பங்குக் குருவாகிவிட்டார். "ஊருக்கு நீ சொன்ன கதைதான் ஓடணும். ஆடு மடாதிபதி ஆகலாம். மடாதிபதி ஆடாகக் கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சாமி."

ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் சுத்தபோசனத்தைப் பற்றிப் பேசிவிட்டு, வாத்துக்கறி விவரத்தை மட்டும் கொட்டகையில் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னாராம். பூசை முடிந்ததும் ஊரே வந்தது, மேயர் முன்னால். பக்கத்து ஊரில் ஏற்கனவே படம் பார்த்திருந்த ஒரு தச்சன் மட்டும் வாசலில் மல்லுக்கு நின்றான்.

"நாங்க பாத்தப்ப மடாதிபதில்ல ஆடானாரு? இங்க தலைகீழா இருக்குன்றாங்களே?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஸெலி முந்திக்கொண்டாள்.

"அது முதல் பாகம்ணே. பாவம், மனுசன ஆடாவே விட்டுட்டு நீங்க பாட்டுக்கு வீட்டுக்குப் போயிட்டீங்க. வந்து இதையும் பாத்துட்டுப் போங்க!"

தச்சன் பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தான்.