கேன் தண்ணீர் கொடுத்த தெரு

எங்கள் தெருவின் நிலத்தடி நீர்தான் வெள்ளானூரிலேயே தூய்மையானது என்று ஆய்வு மையம் கண்டுபிடித்திருந்தது. அந்தச் செய்தி என் செல்பேசிக்கு வந்தபோது நான் குளியலறையில் பக்கெட்டின் மஞ்சள் கறையை ஆசிட் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

விஷயத்தை முறையாகச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் கஜபதி. சொந்த ஊர் ஆரணி. ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில், ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வெள்ளானூரில் மனை வாங்கி வீடு கட்டினேன். போர்வெல் போட்ட அன்று தண்ணீர் பளிங்கு மாதிரி வந்தது. மேஸ்திரி கைதட்டினார். பக்கெட்டில் கொஞ்ச நேரம் நின்றதும் டீ நிறத்துக்கு மாறியது. அழுகிய முட்டை வாடை வேறு. அதில் துவைத்துத் துவைத்து என் வேட்டிகள் எல்லாம் சாமியார் வேட்டிகளாகிவிட்டன. குடிக்கவும் சமைக்கவும் தெரு முழுக்கக் கேன் தண்ணீர்தான்.

நிற்க. ஊராட்சிக்குக் குழாய்த் திட்டம் ஒன்று வந்திருக்கிறது. நிலத்தடி நீர் மோசமான தெருக்களுக்கு முதலில் குழாய். மற்றத் தெருக்களுக்கு அடுத்த கட்டத்தில். எந்தத் தெரு மோசம் என்று அளந்து சொல்ல வேண்டியது ஆய்வு மையம். ‘அடுத்த கட்டம்’ என்றால் என்ன பொருள் என்று இத்தனை வருடம் அரசாங்கச் சம்பளம் வாங்கிய எனக்குத் தெரியாதா? ஆகவே எங்கள் தெருவையும் ஆய்வில் சேர்க்கச் சொல்லி மனு மேல் மனுவாக எழுதினேன். சேர்த்தார்கள். ஆனால் அவர்கள் வந்த அன்று நான் ஆரணியில் தங்கை பேத்தியின் காதுகுத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தேன்.

ஆசிட் கையைக் கழுவிவிட்டு, தண்ணீர் எடுத்துப் போன ஆய்வாளரைக் கூப்பிட்டேன். சிம்ரன் என்று பெயர். பருத்திப்பட்டுப் பெண். அவளுக்கும் அன்று நல்ல மூட் இல்லை.

“சார், நாற்பதுதான் வருது. தண்ணியில கரைஞ்சிருக்கற உப்பு லிட்டருக்கு நாற்பது மில்லிகிராம். இரும்பு சுத்தமா இல்ல. எட்டு வீட்டுலயும் அதே கதை. எங்க ப்ரொபசரே நம்பல.”

“நானும் நம்பலம்மா. மெஷின்ல கோளாறா இருக்கும்.”

“மெஷின் நல்லா இருக்கு சார். ஒரே ஒரு பாட்டில் மட்டும் லேசா மஞ்சளா இருந்துச்சு. ஏதாவது கழிவு கலந்திருக்கும்னு ஆசையா மூணு தடவ டெஸ்ட் பண்ணோம். ஏதோ செடி எண்ணெய் மாதிரி வருது, என்னன்னு பிடிபடல. அது யாரோ வேம்புலியம்மாள்னு இருக்கு.”

“நீயே மோட்டார் போட்டுக் குழாய்ல பிடிச்சியா?”

“அன்னைக்கு ஷட் டவுன் சார். சாயங்காலம் வரைக்கும் கரண்ட் வராதுன்னாங்க. பிடிச்சு வெச்ச தண்ணி இருந்தா குடுங்கம்மான்னு கேட்டேன். எல்லாரும் பாட்டில உள்ள வாங்கிட்டுப் போய் ரொப்பிக் குடுத்தாங்க.”

போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். என் மனைவி புஷ்பா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“அந்தப் பொண்ணுக்கு எந்தத் தண்ணியக் குடுத்தே?”

“எந்தத் தண்ணியக் குடுப்பாங்க? குடிக்கற தண்ணிதான்.”

“கேன் தண்ணியா!”

“ஏங்க கத்தறீங்க? வேகாத வெயில்ல வந்து நிக்குது. பாட்டில நீட்டி அம்மா தண்ணின்னு கேக்குது. அதுக்குப் போய் போர் தண்ணியப் பிடிச்சுக் குடுக்கவா? வெளிய போய் என்ன சொல்லும்? ஆரணிக்காரங்க வீட்டுல நாத்தத் தண்ணி குடுத்தாங்கன்னு சொல்லாதா?”

“டெஸ்ட் பண்ணத்தாண்டி கேட்டா!”

“டெஸ்ட் பண்றதா இருந்தா என்ன? மரியாதைன்னு ஒண்ணு இல்ல?”

வெளியே வந்து எதிர்வீட்டு வேம்புலியம்மாளைக் கூப்பிட்டேன். அவள் குடும்பத்தார் இந்த இடத்திலேயே ஏர் ஓட்டியவர்கள். இப்போது அவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் பார்க்கிறாள்.

“இன்னா சாரு?”

“நீ என்ன தண்ணி குடுத்தே?”

“நானா? புள்ள மூஞ்சி வாடிப் பூட்ச்சேன்னு சீரகத் தண்ணி காச்சி ஆற வெச்சிருந்தேன், அதக் குடுத்தேன். ஏன், நல்லால்லன்னு சொல்லிச்சா?”

மூன்று தடவை பரிசோதனை செய்த சீரகம்! வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சிம்ரனிடம் விவரத்தைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. “அறிக்கை வெள்ளிக்கிழமை போகுது சார். முதல்ல எடுத்த அளவ ரத்து பண்ணணும்னா காரணம் எழுத்துல வேணும். குடுத்தவங்க எட்டுப் பேரும் கையெழுத்துப் போடணும். இல்லன்னா உங்க தெரு அடுத்த கட்டந்தான்.”

எழுத்துதானே, அது எனக்குக் கைவந்தது. அன்று மாலையே உட்கார்ந்து, ‘கீழே கையொப்பமிட்டுள்ள நாங்கள் ஆய்வாளருக்குத் தவறான நீரை வழங்கிவிட்டோம்’ என்று தொடங்கி அரைப் பக்கம் எழுதி எட்டு வீட்டுப் பெண்களையும் எங்கள் வாசலில் கூட்டிப் படித்துக் காட்டினேன்.

“தவறான நீரா?” முதல் எதிர்ப்பு என் வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. “காசு குடுத்து வாங்கற கேன் தண்ணி தவறான தண்ணியா? நான் போட மாட்டேன்.”

அடித்துவிட்டு, ‘மாற்று நீரை வழங்கினோம்’ என்று எழுதினேன்.

“மாத்திக் குடுத்தோமா?” வேம்புலியம்மாள் இடுப்பில் கை வைத்தாள். “நாங்க இன்னா ரேசன் கடையா வெச்சிக்கிறோம், அரிசிய மாத்திக் குடுக்க? கையெழுத்துப் போட்டா நாளைக்குப் போலீசு வரும் சாரு. எம் புருசன் வேற ஊட்ல இல்ல.”

“போலீஸ் எதுக்கும்மா வரும்?”

“பின்ன எதுக்கு கையெழுத்து?”

‘அறியாமையால்’ என்று சேர்த்துப் பார்த்தேன். கடைசி வீட்டு சபீனா டீச்சர், தான் எம்.எஸ்ஸி. படித்தவர் என்றும், அறியாமை என்ற சொல்லுக்குக் கீழே தன் பெயர் வராது என்றும் அமைதியாகச் சொல்லிவிட்டு எழுந்தார்.

“டீச்சர், படிச்ச நீங்க எந்தத் தண்ணியக் குடுத்தீங்க?”

“ஃப்ரிட்ஜ் தண்ணி. அந்தப் பொண்ணுக்கு வேர்த்துக் கொட்டிச்சு சார்.”

எனக்குப் பொறுமை போய்விட்டது. “அப்ப சரி. குழாய் வேணாம். எல்லாரும் மரியாதையா இப்பிடியே நாறிக்கிட்டு இருங்க. நான் எழுதின மனு எல்லாத்தையும் அடுப்புல போடறேன்.”

“காஸ் அடுப்புல எப்பிடிப் போடுவீங்க?” என்றாள் புஷ்பா. அவ்வளவு பேரும் சிரித்தார்கள். என்னைத் தவிர.

சிரிப்பு அடங்கியதும் அவளே ஒரு வெள்ளைத்தாளை எடுத்து என் பக்கம் நீட்டினாள். “நான் சொல்றத அப்பிடியே எழுதுங்க. உங்க தமிழு எதுவும் கலக்க வேணாம். ‘வந்த பொண்ணு தண்ணி கேட்டுச்சு. நாங்க குடிக்கற கேன் தண்ணியக் குடுத்தோம். போர் தண்ணிய மனுசங்களுக்குக் குடுக்க மாட்டோம்.’ போதும்.”

இதையெல்லாம் ஒரு அலுவலகத்துக்கு எழுதுவதா என்று நான் வாதாடினேன். ஆனால் டீச்சர் திரும்ப உட்கார்ந்துவிட்டார். வேம்புலியம்மாள், “இது ஞாயம். சீரகத் தண்ணின்னு எம் பேருகிட்ட தனியா எழுது சாரு” என்றாள். எழுதினேன். எட்டுக் கையெழுத்தும் விழுந்தன. ப்ரொபசர் அதை ஒரு எழுத்து மாற்றாமல் ஏற்றுக்கொண்டார். அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை சிம்ரன் வந்தாள். கரண்ட் இருந்தது. இந்த முறை அவளே வீடு வீடாக மோட்டாரைப் போடச் சொல்லி, வெகுநேரம் ஓடவிட்டு, கையடக்கக் கருவியை வாளியில் முக்கினாள். அழுகிய முட்டை வாடை தெரு முழுக்க எழுந்தது. எனக்கு அது சாம்பிராணி மாதிரி இருந்தது. எங்கள் வீட்டு அளவு ஆயிரத்துத் தொள்ளாயிரம்.

“சார், பயங்கரம்! இரும்பு லேப்லதான் தெரியும். ஆனா இந்தக் கலருக்கு அதுவும் எகிறும்” என்றாள் சிம்ரன் உற்சாகமாக. நானும் அவளும் கை குலுக்கிக்கொண்டோம். எதிர்வீட்டில் ஆயிரத்து அறுநூறு.

“முதல் கட்டம்தான் சார், எட்டு வீடும். இன்னைக்கே அறிக்கைய மாத்திடறேன்.”

அத்தோடு முடிந்தது என்று மூச்சு விட்டேன். அப்போதுதான் வேம்புலியம்மாள் தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தாள். “பாத்துக்கினியா புஷ்பாக்கா? எங்க ஊட்டுத் தண்ணி உங்களுத விட தேவலையாம்!”

புஷ்பாவின் முகம் மாறியது. “ஏம்மா சிம்ரன், எங்களுத இன்னொரு தடவ பாரேன். வாளி சரியாக் கழுவல.”

“மோசமா இருக்கணும்னுதாண்டி இவ்வளவு நாளா அலையறேன்!”

“மோசமா இருக்கட்டும். எதிர்வீட்டுக்கு மேல எதுக்கு மோசமா இருக்கணும்?”

அந்தப் பெண் பாவம், வாளியைத் தேய்த்துக் கழுவி மறுபடி முக்கினாள். இன்னும் பத்து கூடியது. வேம்புலியம்மாள் கைதட்டினாள். புஷ்பா மூன்றாம் முறை கேட்பதற்குள் நான் ஓடிப்போய் மோட்டாரை அணைத்தேன்.